ஏலகிரி பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. வயது 33. பாட்டி ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன். போன தை மாதம் ஸ்கூபாவில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை கோர்ஸ் முடித்தேன். இதுவரை மொத்தம் ஏழு டைவ், எல்லாமே 12 மீட்டருக்குள், அமைதியான கடலில். அடுத்த மாதம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பல் ஒன்றைப் பார்க்கப் பணம் கட்டியிருக்கிறோம். கரையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம், ஆழம் 26 மீட்டர் என்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டைவ். "கடல் கொஞ்சம் ஆட்டமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏலகிரி பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிற ஆள் நான். என்ன தயார் செய்ய வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும்? இன்னொன்று, ஞாயிறு இரவே எங்களில் ஒருவன் காட்பாடியில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதில் ஏதாவது சிக்கல் உண்டா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: தம்பி, பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயந்திருக்கிறீர்கள். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சுறாவைப் பற்றிக் கேட்பார்கள், இல்லையென்றால் கப்பலுக்குள் எலும்புக்கூடு இருக்குமா என்று கேட்பார்கள். நீங்கள் வாந்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆற்காட்டுக்காரன். தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரே கிண்டல் செய்யும் பாலாற்றங்கரையில் வளர்ந்துவிட்டு, கடலடியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதைத் தொழிலாக வைத்திருக்கிறேன். என் முதல் கப்பல் டைவும் ஆட்டமான கடலில்தான். இரண்டு மணி நேரப் படகுப் பயணம், டீசல் புகை, குடல் வெளியே வரும் அளவுக்கு இரண்டு தடவை வாந்தி. "நான் இறங்கவில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிய பணம் ஒரு பக்கம், கூட இருந்த ஆறு பேர் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம் ஒரு பக்கம். இறங்கினேன். பதினாலு நிமிடத்தில் சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மிச்சம். ஏறும்போது படகின் ஏணி தாடையில் இடித்து மூன்று தையல். கூட்டிப்போனவர்கள் கிளம்பும் முன் ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஊருக்கு வந்து கப்பலைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பார்த்தது மிச்சக் காற்றைக் காட்டும் முள்ளை மட்டும்தான்.

கடல் ஆடும் நாளில் கஷ்டமெல்லாம் தண்ணீருக்கு மேலேதான். இறங்குவதற்கு முந்தைய பத்து நிமிடமும் ஏறும்போது உள்ள பத்து நிமிடமும் ஆளைப் படுத்தும். நடுவில் இருக்கிற இருபது நிமிடம் அதற்குக் கிடைக்கிற கூலி. அதனால் உங்கள் தயாரிப்பில் பெரும்பங்கு படகுக்காக இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான விஷயம். ஓப்பன் வாட்டர் அட்டை 18 மீட்டர் வரைக்கும்தான். 30 மீட்டர் வரை போக அதற்கு அடுத்த கோர்ஸ் வேண்டும். 26 மீட்டரில் கிடக்கும் கப்பலுக்கு, ஏழு டைவ் மட்டுமே போட்டிருக்கிற உங்களை எந்தக் கணக்கில் கூட்டிப்போகிறார்கள் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். "அடுத்த கோர்ஸின் ஆழ டைவாக, பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்து கூட்டிப்போவார்" என்றால் சரி. "கப்பலின் மேல்தளம் 18 மீட்டருக்கு மேலேயே இருக்கிறது, அதற்குக் கீழே உங்களை விட மாட்டோம்" என்றாலும் சரி. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூடவே இரண்டு கேள்வி: படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? ஏறும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி அழுத்த நோய் வந்தால், சிகிச்சைக்குப் போக வேண்டிய அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது? இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

இப்போது வாந்தி. படகு ஆடுவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ படகின் தரையைப் பார்த்து "எதுவும் ஆடவில்லையே" என்கிறது. இந்த இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததுதான் குமட்டல். பஸ்ஸில் செல்போன் பார்த்தால் வருவதும் இதேதான். ஆகவே படகில் குனியாதீர்கள். கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். ஆட்டம் குறைவாக இருப்பது படகின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும்தான், முன்பக்கம் போய் உட்காராதீர்கள். பின்பக்கம் என்றால் புகை வராத ஓரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில், காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்டையும் வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரையும் மாட்டுகிற வேலையைத் துறைமுகத்திலேயே, படகு நகரும் முன்பே முடித்துவிட வேண்டும். நடுக்கடலில் குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தால் இரும்பு வயிறும் புரட்டும். மாட்டிய சிலிண்டரைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும், ஒரு சிலிண்டர் பதினைந்து கிலோ வரும், விழுந்தால் யாராவது ஒருவரின் கால்.

மாத்திரை உண்டு. மலைப் பாதை பஸ்ஸுக்கு நம் ஊரில் வாங்கிப்போடும் அவோமின், ஸ்டூஜெரான் வகைதான். வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். ஆனால் அவை தூக்கத்தைக் கொண்டுவரும். அரைத் தூக்கத்தில் 26 மீட்டருக்கு இறங்குவது ஆபத்து. அதனால் எது, எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் கேட்டு, டைவிங்குக்கு என்பதையும் சொல்லி, இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஏலகிரி பஸ்ஸில் ஏறுங்கள். பதினாலு வளைவும் தாண்டி மேலே போய் இறங்கும்போது வாந்தியும் இல்லை, கண்ணும் சொக்கவில்லை என்றால் அந்த மாத்திரை உங்களுக்கானது. சொக்கினால் வேறொன்று கேளுங்கள். புது மாத்திரையை முதல் தடவையாகப் படகில் வைத்துச் சோதிக்கக் கூடாது. உடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் இஞ்சி மிட்டாயும் கையில் இருக்கட்டும்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், அது குமட்டலைக் கூட்டும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். முந்தின இரவு ஆம்பூர் பிரியாணி பார்சல் வேண்டாம். சாராயமும் பீரும் முந்தின நாள் மதியத்திலிருந்தே வேண்டாம். தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் அழுத்த நோய் வரும் வாய்ப்புக் கூடும். வேலூர் வெயிலில் ஒரு வாரம் அலைந்துவிட்டு வருகிறவருக்கு ஏற்கெனவே நீர் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம் நம் ஊர்க்காரர்கள் செய்யும் ஒரு தப்பு. "நாலு மணி நேரப் பயணம்தானே" என்று இரவு பதினோரு மணிக்குக் காரை எடுத்து, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று டீ குடித்துக்கொண்டே ஓட்டி, விடிய நாலு மணிக்குக் கடற்கரையில் வந்து நிற்பார்கள். ஆறு மணிக்குப் படகு. தூங்காத உடம்புக்குக் குமட்டலும் சீக்கிரம் வரும், குளிரும் சீக்கிரம் வரும், பதற்றமும் சீக்கிரம் வரும். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, இரவு ஒன்பது மணிக்கு அங்கே படுத்துவிடுங்கள். நீங்கள் வாங்க நினைத்திருக்கும் எந்தச் சாமானை விடவும் இந்த லாட்ஜ் செலவு உருப்படியானது.

"கொஞ்சம் ஆட்டம்" என்றால் எவ்வளவு? ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தினமும் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மீனவர்கள் பார்ப்பது, நீங்களும் பார்க்கலாம். அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை) பாதி ஆழம் வரை கீழே இறங்கும். ஐந்து விநாடிக்கு ஒன்றாக வருகிற காற்றலையின் நீளம் சுமார் 39 மீட்டர், அதன் ஆட்டம் 20 மீட்டரோடு அடங்கிவிடும். படகில் தூக்கித் தூக்கிப் போட்டாலும் கப்பலருகே போனால் அமைதியாக இருக்கும். பத்து விநாடி இடைவெளியில் எங்கோ தூரத்துப் புயலிலிருந்து வரும் நெடிய அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 156 மீட்டர். மேலே மிதமாகத்தான் தெரியும், ஆனால் 26 மீட்டரிலும் உங்களை முன்னும் பின்னும் தள்ளும், துருப்பிடித்த இரும்புக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளும். என்னைக் கேட்டால், முதல் கப்பல் டைவுக்கு ஒரு மீட்டர் அலை போதும். ஒன்றரை என்றால் நான் புதியவர்களைக் கூட்டிப்போக மாட்டேன். வங்கக் கடலில் பொதுவாகக் காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். ஆகவே முதல் படகில் போங்கள். மழை பெய்து ஆற்று வெள்ளம் கடலில் கலந்த வாரத்தில் போகவே வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கும். அது வயலூர் முகத்துவாரத்தில் கடலில் போய்ச் சேர்ந்தால் கடல் என்ன நிறத்தில் இருக்கும்? கையை நீட்டினால் விரல் தெரியாது.

இறங்கும் முறையைச் சொல்கிறேன். படகு ஆடும்போது நின்றுகொண்டு காலுக்கான துடுப்பு, அதாவது ஃபின்ஸ் மாட்டாதீர்கள், உட்கார்ந்து மாட்டுங்கள். கடைசியாக எழுந்திருங்கள், யாராவது ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஃபைபர் படகு என்றால் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டியிருக்கும். எண்ணிக்கை சொல்லும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், ஒருவர் தாமதித்தால் கீழே இருப்பவர் தலையில் விழுவார். ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று, வாயில் ரெகுலேட்டர், ஒரு உள்ளங்கை மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் சேர்த்து அழுத்தியபடி. விழுந்ததும் பேச்சு வேண்டாம், வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்க வேண்டாம். அலை வாயில் புகுந்து ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் குடித்தால் அங்கிருந்துதான் பதற்றம் ஆரம்பிக்கும். படகிலிருந்து விட்டிருக்கும் கயிற்றைப் பிடித்து மிதவைக்குப் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போகும் கயிற்றோடு இறங்க வேண்டும். மேலே மிதவை அலையோடு எழும்பி எழும்பி விழும், கயிறும் கூடவே வெட்டி வெட்டி இழுக்கும். அதை மார்போடு கட்டிப்பிடித்தால் நீங்களும் ஒரு மீட்டர் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பீர்கள், காது தாங்காது. கையை நீட்டி, விரலை வளையம் போல வைத்து, கயிறு கைக்குள் ஓட விடுங்கள். மூக்கைப் பிடித்துக் காதை மெல்ல ஊதிவிடுவதை வலி வரும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குகிற புத்திசாலித்தனமும் வேண்டாம். அடியில் இருக்கும்போது மருந்தின் வீரியம் தீர்ந்தால் ஏறும்போது காற்று வெளியேற வழி இருக்காது.

தண்ணீருக்கு அடியில் வாந்தி வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்திருக்கும். ரெகுலேட்டரை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுங்கள். வெளியே போய்விடும். அடுத்த மூச்சுக்கு முன் நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்துவிட்டு, மெல்ல இழுங்கள். அடைத்துக்கொண்டது போலத் தெரிந்தால் மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். வாந்தி வருகிறதே என்று ரெகுலேட்டரை எடுத்தால், எடுத்து முடித்ததும் உடம்பு தானாக ஒரு பெருமூச்சு இழுக்கும், அது தண்ணீராக இருக்கும். மீன்கள் கூட்டமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும், அசிங்கமாக நினைக்காதீர்கள்.

காற்றுக் கணக்கை இப்போதே பேப்பரில் போட்டுப் பாருங்கள். 26 மீட்டரில் அழுத்தம் 3.6 பார். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 72 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால், 50 பாரை மிச்சம் வைத்துவிட்டுச் செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். 23 நிமிடம் வரும். இறங்க, ஏற, ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க எல்லாம் இதற்குள்தான். பதற்றத்தில் மூச்சு 30 லிட்டராகிவிட்டால் அதே காற்று 15 நிமிடம். என் பதினாலு நிமிடக் கதை இதுதான். ஆகவே 100 பாரில் கயிற்றை நோக்கித் திரும்பிவிடுங்கள். உங்களோடு சேர்ந்து இறங்கும் ஜோடி இன்னும் 130-இல் இருந்தாலும் அவரும் திரும்ப வேண்டும். இதைப் படகிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கப்பல்? மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். மூழ்கிய கப்பலும் சில வருடத்தில் பார் மாதிரியே ஆகிவிடும். பவளமும் சிப்பியும் ஒட்டும், மீன் குடியேறும், மீன் இருப்பது தெரிந்து வலை வரும், வலை இரும்பில் சிக்கி அறுந்து அங்கேயே தங்கும். உங்களுக்கு அங்கே உண்மையான எதிரி அந்த நரம்பு வலைதான். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் முதுகில் சிலிண்டர் வால்விலோ ஃபின்ஸ் பக்கிளிலோ மாட்டும். மாட்டினால் திரும்பாதீர்கள், சுற்றிக்கொள்ளும். நின்று, ஜோடிக்கு விளக்கைக் காட்டிக் கூப்பிடுங்கள், அவர் அறுத்துவிடுவார். இதற்கென்று சின்ன வெட்டுக்கத்தி விற்கிறது, காலில் கட்டும் பெரிய கத்தியை விட இது மேல். எதையும் தொடாதீர்கள். துரு கையைக் கிழிக்கும், கல்மீனும் சிங்கமீனும் அங்கே படுத்திருக்கும், அவற்றின் முள்ளில் விஷம். டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகாதீர்கள். வாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும், எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிந்தாலும் சரி. வருடக்கணக்கில் படிந்த சேறு ஒரு காலுதைப்பில் கிளம்பிவிடும், வந்த வழி மறைந்துவிடும், மேலே இரும்புக் கூரை. அதற்குத் தனிப் பயிற்சி, தனிக் கயிறு, தனிக் காற்றுக் கணக்கு எல்லாம் உண்டு. கப்பல் டைவ் என்ற பெயரில் எல்லாக் கப்பலும் நமக்கானவை அல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். இத்தனை வருடமாகியும் நான் அதற்குப் போனதில்லை.

மேலே வந்த பிறகுதான் ஏணி. அலையில் படகின் பின்பக்கம் எழும்பும்போது ஏணியும் எழும்பும், விழும்போது கோடாரி மாதிரி விழும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது, ஏணி கீழே இறங்கும் நேரம் பார்த்துப் பிடித்து, அது தூக்கும்போது ஏறுங்கள். மாஸ்க்கும் ரெகுலேட்டரும் படகில் உட்காரும் வரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்னொருவர் ஏறும்போது அவருக்குக் கீழே நிற்கவே கூடாது. படகு தூரத்தில் போய்விட்டால் பதற வேண்டாம், ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி ஜோடியோடு சேர்ந்து மிதந்துகொண்டு, குழல் மாதிரி ஊதி நிறுத்தும் ஆரஞ்சு மிதவையைத் தூக்கிக் காட்டுங்கள். ஒரு மீட்டர் அலையில் மனிதத் தலை கொஞ்ச தூரம் போனாலே கண்ணுக்குத் தப்பிவிடும்.

வாங்குவதற்கு இவ்வளவுதான்: அந்த மிதவை, விசில், வெட்டுக்கத்தி, முகத்துக்குப் பொருந்துகிற சொந்த மாஸ்க். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டும். மற்றதை வாங்க அவசரம் இல்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள், உங்கள் பாலிசியில் டைவிங் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆஸ்துமா, இதயம், காது என்று பழைய வியாதி ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். வேலூர்ப் பக்கம் இருப்பவருக்கு டாக்டருக்கா பஞ்சம், போய்க் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பழகுவதற்குக் கடல் தேவையில்லை. வீட்டில் ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை முக்கி, வாயில் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாயோடு ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். மூக்கில் தண்ணீர் படும்போது பதறாமல் இருக்கும் பழக்கம் இதில் வந்துவிடும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. நீச்சல் குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தி, பத்து நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள். கோர்ஸில் செய்ததுதான், இப்போதும் முடிகிறதா என்று பார்க்கத்தான். பாட்டி ஊர்க் கிணற்றிலும் நீந்தலாம். ஆனால் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டுத் தனியாக அடியில் மூச்சடக்கிப் பழகாதீர்கள். நினைவு தப்புவது முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும், மேலே இருப்பவருக்கும் தெரியாது.

போகலாமா என்றால், மேலே சொன்ன போன் பதில் சரியாக இருந்து, ஏலகிரி பரீட்சையிலும் தேறிவிட்டால் தாராளமாகப் போங்கள். ஆனால் கிளம்பும் முன் நண்பர்கள் நாலு பேரும் ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: யார் வேண்டுமானாலும், எந்த நிமிடத்திலும், காரணம் சொல்லாமல் "இன்றைக்கு நான் இல்லை" என்று சொல்லலாம், மற்றவர்கள் அதைப் பற்றி ஊர் வந்து சேரும் வரை கேலி பேசக் கூடாது. படகில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது இதைப் பேச முடியாது, எனக்குத் தெரியும்.

பெங்களூர் ரயில் பிடிக்கும் நண்பருக்கு: சிக்கல் உண்டு. டைவ் முடிந்த உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும், அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகிவிடும். விமானத்துக்குச் சொல்லும் அதே விதி 600 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்கும் பொருந்தும். வேலூர், குடியாத்தம் பயமில்லை. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். ஏலகிரியும் ஆயிரத்தைத் தாண்டும், அதனால் திங்கட்கிழமை லீவு போட்டு மலைக்குப் போகலாம் என்று யாராவது கிளப்பினால் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். அடுத்தடுத்த நாள் டைவ் போட்டவர் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரை விட்டு ஏறினால் திங்கள் காலை ஆறு மணி. அதற்கு மேல் காட்பாடியில் பெங்களூருக்கு எத்தனை வண்டி இருக்கிறது, ஏதாவது ஒன்றில் டிக்கெட்டை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.